பூ அகராதியை மூடிவைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள்

கேள்வி கேட்டவர் ஒரு படத்தைப் போட்டிருக்கிறார். கருங்கூந்தல், நீலமும் பச்சையும் கலந்த உடை, கையில் கொஞ்சம் பிய்த்துத் தின்ற மாதுளை, பின்னால் சுவரில் ஒரு கொடி, எங்கேயோ பார்க்கிற ஒரு பெண். ரோஜா என்றால் காதல், லில்லி என்றால் தூய்மை, பாப்பி என்றால் மரணம் என்று இணையத்தில் ஒரு பட்டியல் பார்த்தாராம். அந்தப் பட்டியலை வைத்து இந்த மாதிரி ரொமான்டிக் ஓவியங்களைப் படிக்கலாமா, இந்தப் பெண் எந்தத் தேவதை, தோழியின் கல்யாணத்துக்கு இதை ஃபிரேம் போட்டுக் கொடுக்கலாமா என்று கேட்கிறார். மூன்று கேள்விகள் மாதிரித் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: ஓவியர் நிஜமாகவே அர்த்தம் வைத்துத்தான் பூவை வரைந்தாரா, இல்லை நாமாக ஏற்றிச் சொல்கிறோமா?

ஓவியக் கல்லூரியில் ஐரோப்பிய ஓவிய வரலாறு நெடுங்காலமாக எடுத்து வருகிறேன். வருடா வருடம் வகுப்பில் இந்தச் சண்டை வரும். ஒரு கூட்டம் ஒவ்வொரு இலைக்கும் அர்த்தம் சொல்லும். இன்னொரு கூட்டம், 'சும்மா அழகுக்கு வரைந்திருப்பார், விடுங்க சார்' என்று முடித்துவிடும். இரண்டு கூட்டத்திடமும் நான் கேட்பது ஒன்றுதான்: இந்த அர்த்தம் உனக்கு எந்த வழியாக வந்தது? ஓவியரே எழுதி வைத்திருந்தால் அது ஒரு ரகம். அவர் எடுத்துக்கொண்ட கதையிலோ நாடகத்திலோ அந்தப் பூ இருந்தால் அது இன்னொரு ரகம். இரண்டும் இல்லாமல் பட்டியலில் மட்டும் இருந்தால் அதை ஊகக் கணக்கில்தான் வைக்க வேண்டும்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். ரொமான்டிக் ஓவியம் என்று கறாராகச் சொன்னால் 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் வந்த டெலக்ரோவா, டர்னர், காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் போன்றவர்கள்தான். நீங்கள் போட்டிருப்பது அவர்களுக்குப் பின்னால் வந்த பிரிட்டிஷ் 'ப்ரீ-ராஃபேலைட்' குழுவின் படம். 1848-இல் லண்டனில் ஏழு இளைஞர்கள் சேர்ந்து தொடங்கிய குழு அது. ரொமான்டிக் காலத்தின் கடைசி வாரிசுகள் என்று இவர்களைச் சொல்லலாம், தப்பில்லை. பூவும் புராணமும் சேர்ந்து வரும் படங்கள் இவர்களிடம்தான் அதிகம் என்பதால் நானும் இங்கேயே நிற்கிறேன்.

உங்கள் படம் டான்டே கேப்ரியல் ரொசெட்டி வரைந்த 'ப்ரோசர்பின்'. 1874-இல் முடித்தது, லண்டன் டேட் கேலரியில் இருக்கிறது. ப்ரோசர்பின் என்பது ரோமானியப் பெயர். கிரேக்கத்தில் இவளே பெர்ஸெஃபொனி. பூப்பறித்துக்கொண்டிருந்த பெண்ணைப் பாதாள லோகத்தின் அரசன் தூக்கிப் போய்விடுகிறான். தாய் செரிஸ் பயிர் பச்சைக்கான தெய்வம். மகளைத் தேடி அலைகிறாள், பூமியில் விளைச்சல் நின்றுபோகிறது. கீழுலகத்தில் எதையும் சாப்பிடாமல் இருந்தால் மகள் திரும்பலாம் என்று தேவராஜன் ஜூபிடர் சொல்கிறான். ஆனால் அவள் ஏற்கெனவே மாதுளை முத்தைத் தின்றுவிட்டாள். அதனால் வருடத்தில் ஒரு பகுதி மேலே தாயோடு, ஒரு பகுதி கீழே கணவனோடு. எத்தனை முத்து என்பதில் நூலுக்கு நூல் மாறும். ஓவிட் என்ற ரோமானியக் கவிஞர் ஏழு என்கிறார். ரொசெட்டி ஒன்றே ஒன்று என்று எழுதுகிறார்.

இந்தப் படத்தில் நமக்கு ஒரு பெரிய வசதி. ரொசெட்டியே கடிதத்தில் விளக்கம் கொடுத்திருக்கிறார். பின்னால் இருக்கும் ஐவிக் கொடியை விடாமல் பற்றிக்கொள்ளும் நினைவின் அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். பக்கத்தில் புகையும் தூபக்கால் அவள் தேவதை என்பதற்கான அடையாளம். சுவரில் விழுந்திருக்கும் வெளிச்சத் துண்டைப் பாருங்கள்: மேலுலகத்திலிருந்து எங்கோ ஒரு வழி திறந்து ஒரு கணம் உள்ளே வந்த ஒளி, அவள் அதைத்தான் ஓரக்கண்ணால் பார்க்கிறாள் என்பதும் அவர் சொன்னதே. ஆக மாதுளை, ஐவி, தூபம், வெளிச்சம் நான்கிலும் சந்தேகத்துக்கு இடமில்லை. ஐவிக்கு அவர் 'எடுத்துக்கொள்ளலாம்' என்ற தொனியில்தான் எழுதினார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். படைத்தவரே கொஞ்சம் தளர்வாகத்தான் பிடித்திருக்கிறார்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வேறு. ரொசெட்டியின் தம்பி வில்லியம் பதிவு செய்திருப்பது இது: இந்தப் படம் தொடக்கத்தில் ஆப்பிளைப் பிடித்திருக்கும் ஏவாளாகத்தான் உருவானது, பிறகுதான் மாதுளையோடு ப்ரோசர்பின் ஆனாள். அதே முகம், அதே கை. பழம் மாறியதும் பைபிள் பெண் ரோமானியத் தேவதை ஆகிவிட்டாள். எந்தத் தேவதை என்று கேட்டீர்களே, முகத்தைப் பார்த்து ஒருநாளும் சொல்ல முடியாது; கையில் இருப்பதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். முகம் மாடலுடையது. இங்கே அது ஜேன் மோரிஸ், கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸின் மனைவி. ரொசெட்டியும் மோரிஸும் 1871-இல் கெல்ம்ஸ்காட் என்ற ஊரில் ஒரு வீட்டைச் சேர்ந்து வாடகைக்கு எடுத்தார்கள். ஜேன் அங்கே ரொசெட்டியோடு மாதக்கணக்கில் தங்கினார். அதனால்தான் 'பாதி வருடம் கணவனிடம் சிறை' என்ற கதையை அவர் ஜேனுக்காகவே தேர்ந்தெடுத்தார் என்று பலர் எழுதுகிறார்கள். நம்பும்படியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐவிக்கு விளக்கம் எழுதிய அந்தக் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மாடல் யார் என்பது தகவல்; மற்றது நம் வாசிப்பு.

கல்யாணப் பரிசு விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். வேண்டாம். கணவன் வீட்டில் மாட்டிக்கொண்டு வாசல் வெளிச்சத்தை ஏக்கமாகப் பார்க்கும் பெண்ணின் படம் இது. தோழிக்குக் கதை தெரியாமல் இருக்கலாம், மாமியார் கூகுளில் தேடிவிட்டால் என்ன செய்வீர்கள்?

சரி, அந்தப் பட்டியல். பூக்களின் மொழி என்ற மோகம் 19-ஆம் நூற்றாண்டில் நிஜமாகவே இருந்தது. பாரிஸில் 1819-இல் சார்லட் த லதூர் என்ற புனைபெயரில் வந்த புத்தகம் அதைப் பரப்பியது. பிறகு இங்கிலாந்தில் ஏகப்பட்ட புத்தகங்கள் வந்தன. ஆனால் தொல்காப்பியர் மாதிரி யாரும் உட்கார்ந்து அதற்கு இலக்கணம் வகுக்கவில்லை. பதிப்பாளருக்குப் பதிப்பாளர் பொருள் மாறும். இன்று இணையத்தில் சுற்றும் பட்டியல்களில் பல கேட் கிரீனவே 1884-இல் வெளியிட்ட சின்னப் புத்தகத்தின் வழி வந்தவை. அந்தப் புத்தகத்தில் சிவப்பு பாப்பிக்கு என்ன பொருள் தெரியுமா? ஆறுதல். அதிலேயே இன்னும் கடுஞ்சிவப்பு பாப்பி என்று தனியாக ஒன்று; அதற்கு விசித்திரமான ஆடம்பரம் என்று பொருள். தூக்கம் வெள்ளை பாப்பிக்குத்தான். 1852-இல் காட்சிக்கு வந்த ஒரு படத்தை 1884 புத்தகத்தை வைத்து விளக்குகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

அந்த 1852 படம் ஜான் எவரெட் மில்லேயின் 'ஒஃபீலியா'. பூக்குறியீடு என்றாலே எல்லோரும் இதைத்தான் எடுப்பார்கள், எடுக்கவும் வேண்டும். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில், காதலன் கையால் தந்தை இறந்ததும் மனம் பேதலித்த ஒஃபீலியா ஓடையில் விழுந்து பாடிக்கொண்டே மூழ்கிப்போகிறாள். புராணப் பாத்திரம் இல்லைதான். ஆனால் பூவைப் படிக்கும் முறையைப் பழக இதைவிட நல்ல படம் கிடையாது, ஏனென்றால் பக்கத்தில் நாடகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பூவாகச் சரிபார்க்கலாம். சாய்ந்து நிற்கும் வில்லோ மரம், நெட்டில் செடி, டெய்சிப் பூக்கள் எல்லாம் அவள் இறந்த செய்தியை அரசி சொல்லும் வசனத்தில் இருக்கின்றன. உடையின் மேல் மிதக்கும் பான்சிப் பூ, பைத்தியக் காட்சியில் அவளே எண்ணங்களின் பூ என்று எடுத்துக் கொடுப்பது. கழுத்தில் கிடக்கும் வயலட் மாலையைப் பாருங்கள்: அப்பா செத்தபோது வயலட்டுகள் எல்லாம் வாடிவிட்டன என்று அவள் சொல்லும் வரி அதற்குப் பின்னால் இருக்கிறது. கன்னத்துக்கு அருகே இருக்கும் ரோஜாவுக்குக்கூட அகராதி தேவையில்லை. அண்ணன் லாயர்டிஸ் அவளை வைகாசி ரோஜாவே என்கிற மாதிரி 'மே மாத ரோஜா' என்றுதான் கூப்பிடுகிறான். இடப்பக்கக் கிளையில் உட்கார்ந்திருக்கும் ராபின் பறவையும் அவள் பாடும் பாட்டு வரியிலிருந்து பறந்து வந்ததுதான்.

இதற்கு மேல்தான் தரை வழுக்க ஆரம்பிக்கிறது. அரசியின் வசனத்தில் நீளமான ஊதாப் பூ என்று ஒன்று வருகிறது. ஆட்டிடையர்கள் அதற்கு ஒரு ஆபாசமான பெயர் வைத்திருக்கிறார்கள், கன்னிப்பெண்களோ செத்தவன் விரல் என்கிறார்கள் என்றும் அரசி சொல்கிறாள். தாவரம் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அதை வசந்தத்தில் பூக்கும் ஒரு காட்டு ஆர்க்கிட் என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பெயர்கள் அதன் கிழங்கின் வடிவத்தால் வந்தவை. மில்லே வரைந்திருப்பதோ படத்தின் வலது மேல் மூலையில் லூஸ்ட்ரைஃப் என்ற நீர்க்கரைச் செடி. ஏன் மாறியது? மில்லே 1851 ஜூலையில் சர்ரே பகுதியில் ஹாக்ஸ்மில் ஓடைக்கரையில் உட்கார்ந்து, நவம்பர் வரை கண்ணால் பார்த்துப் பார்த்துப் பின்னணியை வரைந்தார். ஆர்க்கிட் ஏப்ரல், மே மாதத்துச் சரக்கு. லூஸ்ட்ரைஃப் ஜூலை தொடங்கிக் கரையில் கொத்துக் கொத்தாக நிற்கும். கைக்கெட்டிய ஊதாப் பூவை அவர் எடுத்துக்கொண்டார் என்பது என் ஊகம். அப்படியானால் அதில் குறியீட்டைவிடப் பருவகாலத்தின் பங்குதான் பெரிது.

பாப்பி, ஃபர்கெட்-மீ-நாட், ஃப்ரிட்டிலரி ஆகியவை நாடகத்தில் அவளோடு சேர்ந்து வருவதில்லை. மில்லே தானாகச் சேர்த்தவை. பாப்பிக்குத் தூக்கம், மரணம் என்ற பொருள் ரோமானியக் கவிதையிலிருந்தே வருவதால் அதை ஏற்றுக்கொள்ளலாம்: ஓவிட் வருணிக்கும் உறக்க தேவனின் குகை வாசலில் பாப்பிதான் பூத்துக் கிடக்கும். ஃபர்கெட்-மீ-நாட் தன் பெயரிலேயே பொருளை வைத்திருக்கிறது. ஃப்ரிட்டிலரிக்குச் சோகம் என்கிறார்கள். அதை நான் வகுப்பில் அழுத்திச் சொல்வதில்லை. வலப்பக்கப் புதரில் இலைகளுக்குள் ஒரு மண்டையோடு தெரிகிறது என்று சிலர் வட்டம் போட்டுக் காட்டுவார்கள். வட்டம் போட்டபின் எனக்கும் தெரிகிறது. மேகத்தில் யானை தெரிவது மாதிரிதான் அது.

இன்னொரு விஷயம் சமூக ஊடகத்தில் அடிக்கடி வரும். ஒஃபீலியாவுக்கு மாடலாகக் குளியல் தொட்டியில் படுத்திருந்த எலிசபெத் சிடல் பிற்பாடு ரொசெட்டியின் மனைவி ஆனார். 1862 பிப்ரவரியில் லாடனம் என்ற அபின் மருந்தை அளவுக்கு மீறிக் குடித்து இறந்தார். பத்து வருடம் முன்பே மில்லே அவர் கைக்குப் பக்கத்தில் பாப்பியை வரைந்து எச்சரித்துவிட்டார் என்று பரவசமாக எழுதுகிறார்கள். சுத்த அபத்தம். மில்லே வரைந்தது வயல்களில் முளைக்கும் சிவப்பு பாப்பி. அதிலிருந்து அபின் எடுப்பதில்லை. அபின் தருவது வேறு செடி. நாம் குருமாவில் அரைத்துப் போடும் கசகசாவின் தாய்ச்செடி.

அந்தச் செடி ரொசெட்டியின் 'பியாட்டா பியாட்ரிக்ஸ்' படத்தில் வருகிறது. சிடல் இறந்தபின், ஏறத்தாழ 1864-லிருந்து 1870 வரை வரைந்த படம். இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காதலி பியாட்ரிஸ் கண்மூடி, கைகள் திறந்து உட்கார்ந்திருக்கிறாள், முகம் சிடலுடையது. ஒரு சிவப்புப் பறவை அலகில் வெள்ளை பாப்பியைக் கொண்டுவந்து அவள் கைகளில் இடப்போகிறது. பறவை மரணத்தின் தூதன் என்று ரொசெட்டி கடிதத்தில் எழுதியிருக்கிறார். லாடனத்தைப் பற்றி அதில் எதுவும் எழுதவில்லை. ஆனால் அபினால் இறந்த மனைவியின் கைகளுக்கு மேல் ஒருவர் வெள்ளை பாப்பியை வைக்கிறார் என்றால் அது தற்செயலாக இருக்கும் என்று என்னால் நினைக்க முடியவில்லை. மில்லேயின் பாப்பியில் தீர்க்கதரிசனம் பார்ப்பவர்களைக் கிண்டல் செய்துவிட்டு இங்கே நானே இப்படிச் சொல்வது முரண் மாதிரித் தெரியலாம். வித்தியாசம் காலவரிசையில் இருக்கிறது: ரொசெட்டிக்கு நடந்தது தெரியும், மில்லேக்குத் தெரிய வழியே இல்லை.

எதிர்ப்பக்கத்துக்கு ஒரு உதாரணம், 'வீனஸ் வெர்ட்டிகோர்டியா'. இதுவும் ரொசெட்டியே, 1864-இல் தொடங்கி 1868-இல் முடித்தது. போர்ன்மத் நகரில் ரஸ்ஸல்-கோட்ஸ் கேலரியில் இருக்கிறது. காதல் தேவதை வீனஸ், மார்பு திறந்து, ஒரு கையில் ஆப்பிள், மறு கையில் அம்பு; தலையைச் சுற்றி ஒளிவட்டம், அதில் பட்டாம்பூச்சிகள். முன்னால் ஹனிசக்கிள், பின்னால் ரோஜாக் குவியல். இந்தப் படத்துக்கென்று ரொசெட்டி எழுதிய கவிதையும் இருக்கிறது. அதில் ஆப்பிள் உண்டு, அம்பு உண்டு, பறவை உண்டு, கடைசியில் எரியும் ட்ராய் நகரம்கூட உண்டு. பூ ஒன்றுகூடக் கிடையாது. படத்தில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது பூ, கவிதையில் பூவே இல்லை. அந்தக் கோடையில் ஹனிசக்கிளைத் தேடி அலைந்ததையும் ரோஜாவுக்குக் காசு கரைவதையும் பற்றிக் கடிதங்களில் புலம்புகிறார். அது எதைக் குறிக்கிறது என்று சொல்லவில்லை. கிரீனவே அகராதியில் ஹனிசக்கிளுக்குத் தாராளமான, விசுவாசமான அன்பு என்று போட்டிருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: நாக்கு நீட்டின மாதிரி வளைந்த நீளக் குழாய்கள், உள்ளிருந்து நீளும் கேசரங்கள், திறந்த மார்புக்கு நேர் முன்னால். விசுவாசம்தான் முதலில் தோன்றுகிறதா? விமர்சகர் ரஸ்கின் இந்தப் பூக்களின் தத்ரூபத்தைப் பாராட்டிவிட்டு, அவை சகிக்க முடியாத அளவு கொச்சையாக இருக்கின்றன என்று ரொசெட்டிக்கே எழுதினார். பூவைப் பார்த்து ஒரு மனிதர் இப்படிக் கூச்சப்பட்டிருக்கிறார் என்றால் அது பட்டியலில் இருந்த பொருளால் இல்லை, வரைந்த விதத்தால்தான்.

தலைப்பிலும் ஒரு வேடிக்கை. வெர்ட்டிகோர்டியா என்றால் இதயத்தைத் திருப்புகிறவள். ரோமில் அந்தப் பெயரில் வீனஸைக் கும்பிட்டது பெண்களின் மனத்தைக் கற்பின் பக்கம் திருப்பத்தான். ரொசெட்டி அது தெரியாமல் ஆண்களைக் கவிழ்க்கும் தேவதைக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார். பிறகு ஒரு புராண அகராதியில் பார்த்துத் திடுக்கிட்டு, 1870-இல் கவிதைத் தொகுப்பு வந்தபோது தலைப்பிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டார். ஓவியருக்கே புராணம் தப்பலாம். ஆகவே புராணத்தில் இப்படி இருக்கிறது, எனவே படத்தின் பொருள் இதுதான் என்ற வாதத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது.

பூவே பாத்திரமாக இருக்கும் கதைகளில் மட்டும் இந்தக் குழப்பம் கிடையாது. வாட்டர்ஹவுஸ் 1903-இல் வரைந்த 'எக்கோவும் நார்சிஸஸும்' லிவர்பூலில் இருக்கிறது. தண்ணீரில் தன் முகத்தையே பார்த்துக் காதலித்துத் தேய்ந்து இறந்தவன் நார்சிஸஸ். உடல் கிடந்த இடத்தில் கிடைத்தது நார்சிஸஸ் பூ. படத்தில் அவன் இன்னும் உயிரோடு குப்புறப் படுத்துத் தண்ணீரைப் பார்க்கிறான், பூ ஏற்கெனவே காலருகே முளைத்துவிட்டது. கதையின் முடிவை வாட்டர்ஹவுஸ் முன்கூட்டியே வரைந்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

இனி நீங்களே படம் பார்க்கும்போது ஒரு யோசனை. பரிசுக் கடைகளிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கும் அச்சுப் படங்களில் ஓரங்களை வெட்டிவிடுவார்கள், சட்டம் எப்படியும் இருக்காது. ரொசெட்டி விஷயத்தில் அது பெரிய நஷ்டம். 'ப்ரோசர்பின்' படத்தின் வலது மேல் மூலையில் அவர் இத்தாலிய மொழியில் எழுதிய சானட் கவிதையே இருக்கிறது. அதன் ஆங்கில வடிவம் சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டத்தையும் அவரே வடிவமைத்து, குறுக்கே வெட்டிய மாதுளை மாதிரி வட்டங்களைப் பொறித்திருக்கிறார். டேட் கேலரியின் இணையதளத்தில் முழுப் படத்தையும் பெரிதாக்கிப் பார்க்கலாம். சட்டத்தோடு எடுத்த புகைப்படத்தைத் தனியாகத் தேடுங்கள், கிடைக்கும்.